கேசரிப் பவுடர்காரர்

பிரிஞ்சாங் மளிகைக் கடையில் அவரைப் பலகாரம் போடுகிறவர் என்றுதான் நினைத்திருந்தார்கள். மாதம் தவறாமல் வந்து கேசரிப் பவுடர் அட்டை அட்டையாக வாங்கிக்கொண்டு போவார். ரவை வாங்க மாட்டார், சீனி வாங்க மாட்டார். கல்லாவில் இருந்த பாய் ஒரு நாள், கல்யாண ஆர்டரா என்று கேட்டிருக்கிறார். "இல்ல பாய், கக்கூஸுக்கு" என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு பாய் அவரிடம் சில்லறையைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை.

எங்கள் மலையில் செப்டிக் டேங்க் புதைக்கிறவர் அவர். வீடு ரிங்லெட்டில். ஒல்லியான ஆள், வயது அறுபதை நெருங்கியிருக்கும். முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு கடப்பாரை, புதுக் கயிற்றுச் சுருள் ஒன்று, ஒரு குடை. அவரைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. பாம்பை மிதித்தால்கூட "அட போ" என்று தாண்டிப் போகிறவர், ஒரு குழியில் ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.

யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். தன் போத்தலை எடுத்துக் காட்டி, கும்பிடு போட்டு மறுத்துவிடுவார். இதனால் பல வீடுகளில் அவருக்குக் கெட்ட பெயர். எங்கள் கோயில் திருவிழாவில் ஒரு வருஷம் இலையில் உட்கார்ந்தவர், பக்கத்தில் இருந்தவரிடம் புதிதாகக் கட்டிய கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்த ஆள் கிணற்றுப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான், சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கமிட்டித் தலைவருக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. மறு வாரம் இவரே இரண்டு ஆட்களோடு வந்து, கோயில் கிணற்றுக்கும் அந்தக் குழிக்கும் நடுவில் இரண்டு நாள் தோண்டிப் பார்த்து, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் கேட்காத வேலை. பயந்தாங்கொள்ளி என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்த, தவுக்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளி ஒருவர் கதையை என் கணவர் வந்து சொல்லுவார். என் கணவர் அங்கிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். தவுக்கேக்கு ஃபைபர் டேங்க் இறக்கிக் கொடுத்துவிட்டு, மழைக்காலத்தில் மட்டும் இதைக் காலி செய்துவிடாதீர்கள் என்று இவர் பத்துத் தடவை சொன்னாராம். தவுக்கே கேட்கவில்லை. அடைமழையில் கழிவு லோரியைக் கூப்பிட்டு உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்தார். மறுநாள் பார்த்தால் டேங்க் மண்ணைப் பிளந்துகொண்டு இடுப்புயரத்துக்கு மேலே வந்து நிற்கிறது. உள்ளே ஒன்றும் இல்லாததால் சுற்றியிருந்த தண்ணீர் அதைத் தூக்கிவிட்டது. இவரைக் கூட்டிவந்து காட்டியபோது கிட்டவே போகவில்லையாம், ரோட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். "நெறஞ்சிருக்குறதுக்குப் பயப்படுறாங்க. காலியா இருக்குறதுக்கு யாரும் பயப்படுறதில்ல" என்றாராம். அந்தக் குரலை என் கணவர் நடித்துக் காட்டும்போது வீட்டில் எல்லோரும் சிரிப்போம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைக்கும் ரோட்டுக்கும் நடுவில் என் மாமனார் விட்டுப்போன நிலத்துண்டு ஒன்று இருந்தது. இருபது வருஷம் எஸ்டேட் தொழிற்சாலையில் தூள் பொட்டலம் கட்டியவள் நான். அந்த வேலையை விட்டுவிட்டு அங்கே ஒரு வீடும், சுற்றுலாக்காரர்களுக்காக இரண்டு அறைகளும் கட்டினோம். ஜன்னலைத் திறந்தால் பச்சைச் சரிவு. சரிவின் அடியில் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் பழைய லயம். அந்த லயத்தில்தான் என் அக்கா இருக்கிறாள். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். அக்கா வீட்டுக்காரர் இன்னும் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். அந்த வருஷம் அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, ஒரு பெண் குழந்தையைப் பெற்று, தாய்வீட்டில் இருந்தாள்.

டேங்க் போட வந்தவர் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக நிலத்தின் விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"கீழ யாரு குடிக்கிறா?"

யாரிடம் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. லயத்துக்குத் தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறது என்றேன். சரிவின் அடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதிலிருந்து கறுப்புக் குழாய்கள் வீடு வீடாகப் போகும். அவர் குடையை ஊன்றிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கி, அந்தத் தொட்டி வரைக்கும் போய், ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க ஏறி வந்தார். ஏழு வீடு என்றார். எண்ணிக்கை எனக்கு முன்பே தெரியும்.

என் கணவருக்குச் சிமெண்டு வளையம் இறக்கிய சாதாரணக் குழியே போதும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபைபர் டேங்க் ஒன்று, அதைக் கட்டிப் பிடிக்க அடியில் கான்கிரீட் பலகை, அதிலிருந்து தெளிந்து வரும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஒரு ஊறல் குழி. இந்த ஊறல் குழி எங்கே என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்றார். வீட்டின் வலது பக்கம் தோதாக இருந்தது. அங்கே ஆள் ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி வெட்டினார். கோடு போட்ட மூங்கில் குச்சியை உள்ளே நட்டு, இரண்டு பீப்பாய்த் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குந்தினார்.

தண்ணீர் பத்தே நிமிஷத்தில் காணாமல் போய்விட்டது.

என் கணவர் கைதட்டாத குறை. இவ்வளவு நல்ல மண் கிடைக்காது, ஜென்மத்துக்கும் நிரம்பாது என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தண்ணீர் நின்றால்தானே கெடுதல், சட்டென்று இறங்கினால் நல்லதுதானே? குழியருகில் குந்தியிருந்தவர் எழுந்திருக்கவில்லை.

"களிமண்ணு இது. இப்படி இறங்காது. இவ்ளோ வேகமா எங்க போவுது?"

மறுபடியும் ஊற்றச் சொன்னார். மறுபடியும் போனது. மூன்றாவது தடவை ஒரு வாளியில் கேசரிப் பவுடர் நாலைந்து அட்டையைக் கொட்டிக் கரைத்து ஊற்றினார். குழி ரத்தம் போலச் சிவந்து, பிறகு வெறும் மண்ணானது. அவர் இறங்கிப்போய் ஊற்றுத் தொட்டியின் பக்கத்தில் குடையை விரித்து உட்கார்ந்தார். அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அக்கா அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க, வழக்கம்போலக் கும்பிட்டு மறுத்தார். தொட்டித் தண்ணீர் நிறம் மாறவே இல்லை.

சரி, ஒன்றும் இல்லையே என்று நான் கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். இப்போது வெயில் காலம், மண் காய்ந்து கிடக்கிறது, உள்ளே போனது எங்கேயோ தங்கியிருக்கிறது, ஒரு நல்ல மழை பெய்யட்டும் என்றார். மழை எப்போது பெய்யும் என்று கேட்டேன். அது தெரியாது என்றார். பள்ளி விடுமுறைக்கு இரண்டு குடும்பங்கள் அறைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கட்டில் வந்துவிட்டது, திரைச்சீலை மாட்டியாகிவிட்டது, கக்கூஸுக்குத்தான் போக வழியில்லை. இத்தனை டேங்க் போட்டீர்களே, எதிலாவது கெட்டது நடந்திருக்கிறதா என்று கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டேன்.

"இன்னும் நடக்கல" என்றார்.

அந்த 'இன்னும்' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமே உங்களுக்கு ஒரு வியாதி அண்ணே, அதை எங்களுக்கும் ஒட்டவைக்காதீர்கள் என்று சொன்னேன். சொன்னது என் கணவர் இல்லை, நான்தான். அவர் கயிற்றைச் சுற்றி மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார். போகும்போது அந்தக் குழியின் மேல் இரண்டு பலகையைப் போட்டு மூடிவிட்டுப் போனார்.

வேறு ஆட்கள் தாப்பாவிலிருந்து வந்தார்கள். இரண்டே நாள். அதே இடத்தில் டேங்கை இறக்கி, அதே குழியை அகலமாக்கி ஊறல் குழி ஆக்கி, மண் நன்றாகக் குடிக்கிறது அக்கா என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். குடும்பங்கள் வந்தன. நான் ரொட்டி சானாய் போட்டுக் கொடுத்தேன். முதல் மழையும் வந்தது. மலையில் மழை தொடங்கினால் விட்டு விட்டுப் பெய்யாது, ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும்.

மழை பிடித்த ஐந்தாம் நாள் அக்கா போன் செய்து குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றாள். மாந்தம் என்று பக்கத்து வீட்டில் சொல்லி உரை மருந்து கொடுத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஒரு மாதக் குழந்தை, துணிமூட்டை போலக் கிடந்தது. தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று புத்தி சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் வாசலுக்கு வந்தால், மழையில் அவர் நிற்கிறார். குடையைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே கேசரிப் பவுடர்.

ஒரே ஒரு தடவை ஊற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். அறையில் ஆட்கள் இருக்கிறார்கள், இப்போது முடியாது என்றேன். அவர் போகவில்லை. ரோட்டோரத்திலேயே நின்றார். உள்ளே போய் வேலையைப் பார்த்தேன், எட்டிப் பார்த்தால் நிற்கிறார். மறுபடி எட்டிப் பார்த்தேன், அதே இடம். குழந்தையின் முகம் எனக்குள் வந்து வந்து போனது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் நானே குடையை எடுத்துக்கொண்டு போய், ஊத்துங்க என்றேன்.

ஊறல் குழியின் மூடியைத் தள்ளிவிட்டு மொத்தப் பொட்டலத்தையும் கரைத்து ஊற்றினார். பிறகு என்னைப் பார்க்காமல் தேயிலைக்குள் இறங்கிப் போனார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வது? பாத்திரத்தைத் தேய்த்தேன், தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன். சாமி படத்தின் முன்னால் போய் நின்றேன், என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. நான் கேட்க நினைத்ததெல்லாம் அந்த மனிதர் பைத்தியக்காரராக இருக்க வேண்டும் என்பதுதான். போன் அடித்தது. அக்கா.

"ஏய், மேல ஏதாச்சும் ஊத்துனீங்களா? பைப்புல கேசரி கலர்ல தண்ணி வருது லா."

செருப்புக்கூடப் போடவில்லை. தேயிலைச் சந்தில் விழுந்து எழுந்து ஓடினேன். ஊற்றுத் தொட்டியருகில் அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். வாளியோடு வந்த பெண்களைத் தடுத்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் தண்ணீர் இளம் ஆரஞ்சு நிறத்தில் அழகாக இருந்தது. நான்தான் சொன்னேனே என்ற பெருமையை எதிர்பார்த்தேன், அவர் முகத்தில் அது இல்லை.

"நீங்களே சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா சண்ட போடுறேன்னு நெனப்பாங்க. நீங்க சொன்னாத்தான் தண்ணிய நிறுத்துவாங்க."

அக்கா வீட்டுக்குள் போனேன். அவள் குழாயடியில் குழந்தையின் பால் புட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். பாலுக்குக் கொதிக்க வைத்த தண்ணீர்தான், ஆனால் புட்டியை அலசுவது குழாய்த் தண்ணீரில். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அதில்தான். எஸ்டேட் மருந்து ஏதாவது கலந்துவிட்டதோ என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம் போல ஒரு நொடி நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே அவர் கையை விரித்துக்கொண்டு நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது.

"அக்கா, அது எங்க கக்கூஸ் தண்ணி" என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். புட்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தன நாளா?"

"கக்கூஸ் தொறந்து பதினோரு நாளு."

"சரி, வண்டிய எடு" என்றாள்.

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மூடுபனி. வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் அக்காவும் அவள் மகளும். குழந்தை அழுதால் பயமாக இருந்தது, அழாவிட்டால் அதைவிடப் பயமாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் அக்காவைப் பார்ப்பேன், அவள் குழந்தையின் வாயருகில் காதை வைத்துக்கொண்டிருப்பாள். டாக்டர் அந்தச் சின்னக் கையில் ஊசி குத்த நரம்பு தேடினார். இன்னும் ஒரு நாள் கழித்துக் கொண்டுவந்திருந்தால் சொல்ல முடியாது என்றார். நாலு நாள் சொட்டு மருந்து ஏறியது. குழந்தை பிழைத்தது.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டு, கக்கூஸ் கதவுகளில் பலகை வைத்து ஆணி அடித்தோம். நான் ரிங்லெட்டில் அவர் வீட்டுக்கே போய் நின்றேன். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ரப்பர் சப்பாத்தைத்தான் தேடினார்.

வந்து தோண்டினார். ஊறல் குழியின் அடியில், ஒரு முழம் தள்ளி, சுட்ட மண் குழாய் ஒன்று அகப்பட்டது. தொடை மொத்தம் இருந்தது. துரைமார் காலத்தில் எஸ்டேட்டுக்காரர்கள் சரிவின் தண்ணீரை வடிக்கப் புதைத்தது. மேலே தேயிலை வளர்ந்து, ரோடு வந்து, அப்படி ஒன்று இருப்பதே உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. நடுவில் மண் அடைத்துக் கிடந்திருக்கிறது. வெயிலில் உள்ளே தேங்கும், மழையில் அடைப்பு இளகி நேராக ஊற்றுக்குப் போகும். அவர் அதன் வாயைச் சிமெண்டால் அடைத்தார். டேங்கை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றினார். அங்கேதான் மூன்றாவது அறை கட்டுவதாக இருந்தோம். அது போயிற்று. டேங்கை இறக்கியதும் முதலில் அதில் தண்ணீரை நிரப்பி, அப்புறம்தான் சுற்றிலும் மண்ணைத் தள்ளவிட்டார். ஊறல் குழியில் தண்ணீர் இறங்க ஒரு பகல் ஆனது. என் கணவர் முகம் சுருங்கியது. குழி வெட்டியவர் முகத்தில் அன்றுதான் முதன்முதலாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

மூன்று மழைக்கு மூன்று முறை பவுடர் கரைத்தார். மூன்று முறையும் என்னைத்தான் தொட்டியருகில் உட்காரவைத்தார். அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் கேட்டேன். நான் அவ்வளவு பேசி அனுப்பினேனே, மழையன்று எதற்கு அண்ணே வந்தீர்கள்?

"பயமா இருந்துச்சும்மா" என்றார்.

அப்புறம் அவருக்கு முட்டி வலி அதிகமாகி, ஈப்போவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போனாலும் மலையில் முதல் மழை என்று கேள்விப்பட்டால் எனக்குப் போன் வரும். நலமா என்று கேட்க மாட்டார். கீழ எல்லாரும் நல்லா இருக்காங்களா என்பார். இருக்கிறார்கள் என்றால் வைத்துவிடுவார். என்னைப் போல இன்னும் எத்தனை பேருக்கு அந்த மழையன்று போன் செய்தாரோ தெரியாது. போன வருஷம் மழை வந்தது, போன் வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நானே அடித்தேன். மகன் எடுத்தான். அப்பா தவறி ஒரு மாதம் ஆகிறது என்றான். நான் போனை வைத்துவிட்டுப் பிரிஞ்சாங் கடைக்குப் போய்க் கேசரிப் பவுடர் நாலு அட்டை வாங்கினேன். பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இப்போது அதை நான் செய்கிறேன். மழை பிடித்ததும் கரைத்து ஊற்றிவிட்டுக் கீழே போய்த் தொட்டியருகில் குடையோடு உட்காருவேன். என் கணவர் சிரிக்கிறார், சிரிக்கட்டும். அக்கா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் என்னோடு பேசாமல் இல்லை, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வருகிறாள். என் வீட்டுக்கு வந்தால் மட்டும் கைப்பையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கும்.

போன மாதம் அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது. லயத்தில் பலூன் கட்டி, கேக் வெட்டி, பாட்டுப் போட்டார்கள். அக்கா எல்லோருக்கும் தட்டில் கேசரி வைத்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள். என் தட்டையும் நீட்டினாள், வாங்கிக்கொண்டேன். நெய் மிதக்க, முந்திரி போட்டு, நன்றாகக் கிண்டியிருந்தாள். பவுடர் மட்டும் போடவில்லை. இந்த ஐந்து வருஷமாக அவள் கேசரி வெள்ளையாகத்தான் இருக்கிறது.